வாயால் சொல்லக்கூடாத கொலைகாரன்

தருமன் எடுக்கிற தீர்மானங்களுக்கு ஆயுசு கம்மி. காலையில் எடுப்பான், சாப்பிட்டுக் கை கழுவும்போது அதையும் சேர்த்துக் கழுவிவிடுவான். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் கார்த்திகை மாதம் எடுத்த தீர்மானத்தை எதிர்வீட்டு ராஜம்மாள் முன்னால் எடுத்துத் தொலைத்துவிட்டான். ராஜம்மாள் காதில் விழுந்தது கல்வெட்டில் ஏறின மாதிரி. அதை யாரும் அழிக்க முடியாது.

விஷயம் இதுதான். தருமன் பெண்டாட்டி பாஞ்சாலைக்கு வேலை கிடைத்திருந்தது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. தீபத்துக்கு மறுநாள் புதன்கிழமை போய்ச் சேர வேண்டும், தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். பாஞ்சாலை பத்தாவது பாஸ். தருமன் அதே பத்தாவதை மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று பரீட்சையை மன்னித்துவிட்டவன்.

அவன் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதி விரட்டுகிற உத்தியோகம். மீசை வைத்த டிரைவர்கள்கூட அவன் விசிலுக்குப் பயப்படுவார்கள். பேய்க்கோபுரத் தெருவிலிருந்த வீட்டுக்குள் நுழைந்தால் விசிலை ஆணியில் மாட்டிவிட வேண்டியிருந்தது. அதுதான் அவனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை.

வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னதும் தருமன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவளும் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் விசிலைப் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக் கொட்டுவது கௌரவக் குறைவு என்றான். அடி அண்ணாமலை தூரம் என்றான். அதே ஊரிலிருந்து தினமும் தலையில் மோர்ப்பானை வைத்துக்கொண்டு நடந்து வருகிறவர்களை அவள் காட்டினாள். வாதம் தீர்ந்துபோன இடத்தில் தருமனுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

அந்தத் தெருவில் புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் பாஞ்சாலை அதில் பட்டம் வாங்கினவள். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாய் அவள் தருமபுரியை "சேலத்துக்கு இந்தாண்ட ஊரு" என்றுதான் சொல்லுவாள். தரும ஆஸ்பத்திரி அவளுக்குக் "காசில்லாத ஆஸ்பத்திரி". பிச்சைக்காரன் வாசலில் வந்து தருமம் கேட்டால், "தோ வரேன், நீ கேட்டதை எடுத்துக்கிட்டு" என்பாள். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று சத்தியமாய் நம்பினாள். மாமனார் பேர் ராமலிங்கம், புருஷனுக்கு அண்ணனான மச்சாண்டார் பேர் சகாதேவன், இந்த இரண்டும்கூட அவள் வாயில் வராது. மாமனாருக்குக் கூத்துப் பைத்தியம். பிள்ளைகளுக்குக் கூத்தில் வரும் பேராகப் பார்த்து வைத்தார், வரிசையை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்.

ஆகவே ராஜம்மாள் காய்கறி வாங்கிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, தருமன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"என்னிக்கு உன் வாயைத் தொறந்து என் பேரைச் சொல்றியோ, அன்னிக்கு நீ வேலைக்குப் போ. நான் தடுக்கமாட்டேன். ராஜம்மாக்கா சாட்சி."

பந்தயமே கட்டக்கூடாத பேரை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டிவிட்டோமே என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

பாஞ்சாலை உள்ளே போனாள். அன்றைக்கு அடுப்படியில் தனியாய் நின்று சொல்லிப் பார்த்தாள். "த" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது, அழுகையே வந்தது. ஆனால் வேலைக்காக ஒரு மனுஷனின் ஆயுசைக் குறைப்பதா? மனுஷன் எப்படிப்பட்டவனானாலும் தாலி கட்டினவன். அவனாகச் சொல்லச் சொன்னால் ஒழிய சொல்வதில்லை என்று முடிவு கட்டினாள்.

இதற்கு நடுவில் ஊரே வேறொரு கவலையில் இருந்தது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவில் 'ரத்தின ஒட்டியாணம்' என்று ஒரு துப்பறியும் நாடகம் வந்துகொண்டிருந்தது. பணக்கார விதவை ஒருத்தி பங்களா மாடியில் கழுத்து நெரிந்து கிடக்கிறாள். இடுப்பில் கிடந்த ரத்தின ஒட்டியாணத்தைக் காணோம். கதவு உள்பக்கம் தாழ். துப்பறியும் நீலமேகம் வந்து இருமி இருமி விசாரிக்கிறார். அவர் எட்டு வாரமாய் இருமியதில் சந்தேகம் நாலு பேரில் வந்து நின்றது: டாக்டர் ராமலிங்கம், டிரைவர் சகாதேவன், கணக்குப்பிள்ளை தருமராஜன், சமையல்காரி பொன்னி.

எழுதினவனுக்கும் பாஞ்சாலைக்கும் என்ன பகையோ தெரியாது. நாலு பேரில் மூன்று பேர் அவள் வாயால் சொல்லக்கூடாத பேர். கதை பேசும்போது டாக்டரை "மாமா பேருக்காரரு" என்பாள். டிரைவர் "பெரியவர் பேருக்காரரு". கணக்குப்பிள்ளை "உங்க பேருக்காரரு". பொன்னி ஒருத்திதான் அவளுக்கு நிம்மதி.

தருமனோ பொன்னிதான் கொலைகாரி என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சாதித்துக்கொண்டிருந்தான். சமைக்கிற பொம்பளைகளிடம் கத்தியும் இருக்கும் கோபமும் இருக்கும், அவர்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பாஞ்சாலை காதிலும் போட்டுவைத்தான். டிரைவர்களும் கண்டக்டர்களும் அவனுக்கு 'துப்பறியும் தருமன்' என்று பேர் வைத்தார்கள். அது கிண்டல் என்று துப்பறிய அவனால் முடியவில்லை.

கடைசிப் பாகம் வந்து விழுந்தது தீபத்தன்றைக்கு. ஸ்பெஷல் பஸ்கள் ஈசல் மாதிரி வரும் நாள். தருமனுக்கு விடிய விடிய டியூட்டி. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, ரேடியோ எங்கே கேட்பது. ஊர்க்காரர்களோ அந்த நேரத்தில் மொட்டை மாடியில் ஏறி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே தருமன் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தான்: என் வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து கேட்டு வைப்பாள், காலையில் வந்து கொலைகாரனை அறிவிக்கிறேன்.

பாஞ்சாலை தயங்கினாள். வருஷத்துக்கு ஒரு நாள் தீபம், மாடிக்குப் போக வேண்டாமா என்றாள்.

"தீபம் அடுத்த வருஷமும் ஏத்துவாங்கடி. கொலைகாரனை ஒரு தடவைதான் புடிப்பாங்க. ரேடியோவை விட்டு நகராதே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

புதன்கிழமை காலையில் தூசியும் டீசலுமாக வீடு வந்து சேர்ந்தான். பல்கூட விளக்கவில்லை. பாஞ்சாலை தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டி, டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழ சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். அது யாருக்கு என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

"கேட்டியா?"

"அஞ்சரைக்கே போட்டுட்டேங்க. நீங்க சொன்ன மாதிரி பக்கத்தை விட்டு அசையல."

"எப்படி இருந்துது?"

"சொல்றதுக்கு வார்த்தை இல்ல. கடைசி நிமிஷத்துல உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஜனங்க போட்ட சத்தத்துல ரேடியோவே அதிர்ந்துது."

ஜனங்கள் என்றால் கோர்ட்டு. தருமன் மனசுக்குள் குறித்துக்கொண்டான். ஒட்டியாணம் எங்கே இருந்தது என்று கேட்கக்கூட அவனுக்குப் பொறுமையில்லை, தானே கண்டுபிடிக்க வேண்டும். மாடியிலா என்று கேட்டான்.

"உச்சியிலதாங்க. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். பளிச்சுனு ஒரு வெளிச்சம்னு சொன்னாரு."

"நீலமேகமா?"

"பேரு தெரியல. கணீர்னு ஒரு குரலு."

நீலமேகத்துக்கு இருமல் நின்றுவிட்டதாக்கும் என்று தருமன் நினைத்துக்கொண்டான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில்தான் நகை இருக்கும் என்று நாலாவது வாரமே சொல்லியிருந்தான் அல்லவா, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாமல் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"சரி, கொலைகாரன் யாரு?"

பாஞ்சாலை டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அதை நான் எப்படிங்க என் வாயால சொல்றது?"

தருமனுக்குத் தூக்கி வாரிப்போட்டது. "அப்ப பொன்னி இல்லியா?"

"பொன்னின்னு சொல்றதுக்கு எனக்கு இன்னா தடை?"

பொன்னி போனாள். பாக்கி மூன்று பேர். யார் பேருக்காரர் என்றாவது சொல் என்று கெஞ்சினான். கொலைகாரன் என்று வந்த பிறகு மாமா பேருக்காரர், உங்கள் பேருக்காரர் என்று சொல்வது குடும்பத்துக்கு ஆகுமா, அதுவும் மலைமேல் தீபம் எரிகிற நாளில், என்று அவள் கேட்டாள். நியாயமாகத்தான் இருந்தது. தருமன் மூன்று விரலை நீட்டி, கட்டைவிரல் அப்பா, நடுவிரல் அண்ணன், சுண்டுவிரல் நான், ஒன்றைத் தொட்டுக் காட்டு என்றான். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். தலையையாவது ஆட்டச் சொன்னான். தலையாட்டினாலும் சொன்னது சொன்னதுதானே என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். வெறுங்கையோடு போய் நின்றால் மானம் போய்விடும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ராஜம்மாள் குடத்தோடு வந்தாள். தருமன் பொறுமை இழந்து கத்தினான்.

"நான் புருஷன் சொல்றேன், பேரைச் சொல்லு. எந்தப் பேரா இருந்தாலும் சொல்லு. என் பேரே ஆனாலும் சொல்லு. பாவம் என் தலையில. ராஜம்மாக்கா சாட்சி."

பாஞ்சாலை அவனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். "நெஜமாத்தான் சொல்றீங்களா? அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"கல்லு மாதிரி இருப்பேன். சொல்லு."

அவள் வாசலுக்கு வந்தாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தெளிவாய்ச் சொன்னாள்.

"தருமன்."

பதினாலு வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பேரை அவன் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் அவனுக்கு உள்ளே இனித்தது. கொலைகாரனாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை சொல் என்று கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் துப்பறியும் புத்தி முந்திக்கொண்டது.

"தருமராஜனா? கணக்குப்பிள்ளையா? அடப்பாவி, நல்லவன் மாதிரி இருந்தானே."

ராஜம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "கணக்குப்பிள்ளை கெடக்கட்டும் தம்பி. உன் பேரை அவ வாயைத் தொறந்து சொல்லிட்டா. நீ சொன்ன பேச்சு இன்னா ஆச்சு?"

தருமன் சிரித்தான். சாமர்த்தியத்துக்கு அவனிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. "அக்கா, அவ சொன்னது கொலைகாரன் பேரு. என் பேரில்ல. அந்த ஆளு வேற, நான் வேற."

இதைப் பாஞ்சாலை எதிர்க்கவில்லை. அமைதியாகக் கேட்டாள். "நான் சொன்னது கொலைகாரன் பேரா இருந்தா நான் போவலைங்க. உங்க பேராத்தான் இருந்தா போவலாமா?"

"தாராளமா போ," என்றான் தருமன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கொலைகாரனும் கிடைத்தான், பெண்டாட்டியும் வீட்டோடு கிடந்தாள். விசிலை ஆணியிலிருந்து எடுத்து வீட்டுக்குள்ளேயே ஒரு தடவை ஊதிவிட்டுக் கிளம்பினான்.

பஸ் ஸ்டாண்டில் அவனை வளைத்துக்கொண்டார்கள். தருமன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, சீக்கிரம் சொல்லிவிடாமல் சுற்றி வளைத்தான். பொன்னி என்று நான் சொன்னது உங்களைச் சோதிப்பதற்காக என்றான். முதல் வாரமே கணக்குப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கண் என்றான். ஒட்டியாணம் மொட்டை மாடி உச்சியில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது, தொட்டியைத் திறந்ததும் ரத்தினம் பளிச்சென்று அடித்தது, கோர்ட்டில் ஜனம் அலறியது, நீலமேகம் கணீர் குரலில் தீர்ப்புக் கேட்டார் என்று அவிழ்த்துவிட்டான். கூட்டம் வாயைப் பிளந்தது.

அப்போது மெட்ராஸ் வண்டி வந்து நின்றது. டிரைவர் வேடியப்பன் இறங்கி வந்து கொஞ்ச நேரம் கேட்டான். கேட்டுவிட்டு, தருமண்ணே நீங்கள் எந்த நாடகத்தைச் சொல்கிறீர்கள் என்று விசாரித்தான்.

"நேத்து ஆறு மணிக்குப் போட்டது."

"நேத்து நாடகமே போடலியேண்ணே. மெட்ராஸ் போறப்ப செஞ்சியில டீக்கடையில நிறுத்திக் கேட்டேன். உங்க ஊரு தீபத்தைத்தான் நேர்ல பார்த்துப் பார்த்து சொல்லிக்கிட்டிருந்தாங்க. அரோகரான்னு ஒரே சத்தம். நாடகம் அடுத்த செவ்வாய்னுட்டாங்க."

பஸ் ஸ்டாண்டே குலுங்கிச் சிரித்தது. இதில் தருமனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தீபத்தை ரேடியோவில் சொல்வார்கள் என்று நாடெல்லாம் தெரியும். தெரியாத ஒரே ஊர் திருவண்ணாமலை. தலையைத் தூக்கினால் மலை, மலைமேல் தீபம். அதை ரேடியோவில் போய் எவன் கேட்பான்? பிறந்ததிலிருந்து ஒரு தீபத்தன்றைக்குக்கூட அந்த ஊரில் அவன் ரேடியோவைத் திருகினதில்லை.

தருமன் சிரிக்கவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருந்தான். நாடகம் இல்லை. நாடகம் இல்லையென்றால் கொலைகாரன் இல்லை. கொலைகாரன் இல்லையென்றால் அவள் சொன்ன பேர் யாருடைய பேர்? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் சரியாகத் துப்பறிந்துவிட்டான். விசிலைக்கூட மறந்து சைக்கிளில் ஏறினான்.

வீடு பூட்டியிருந்தது. ராஜம்மாள் அடி அண்ணாமலைப் பக்கமாய்க் கையைக் காட்டினாள். பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் மலையை வலமாகச் சுற்றி வந்துகொண்டிருக்க, இவன் மட்டும் குறுக்கு வழியென்று எதிர்த்திசையில் மிதித்தான். சாமியைச் சுற்றுகிற லட்சணத்தைப் பார் என்று வழிநெடுகத் திட்டு வாங்கினான். ஒரு சாமியார் கமண்டலத் தண்ணீரை அவன்மேல் தெளித்தார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பாஞ்சாலை கரண்டியோடு நடுவில் நின்றாள். புதுப்புடவையில் அவளைப் பார்க்க அவனுக்கே யாரோ மாதிரி இருந்தது. தள்ளாதே, நேரா நில்லு என்று அவள் ஒரு சொல் சொன்னாள், வரிசை நேரானது. அவளுக்கு விசில்கூடத் தேவைப்படவில்லை.

தருமன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போய், "பொய் சொல்லிட்டே இல்ல," என்றான்.

"இன்னாங்க பொய் சொன்னேன்? கொலைகாரன் யாருன்னு என் வாயால எப்படி சொல்றதுன்னேன். தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும். எந்தப் பேரா இருந்தாலும் சொல்லு, என் பேரே ஆனாலும் சொல்லுன்னீங்க. எனக்கு ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்த பேரைச் சொன்னேன்."

"அது செல்லாது."

"அது கொலைகாரன் பேரா இருந்தாத்தான் செல்லாது. இப்பத்தான் கொலைகாரனே இல்லைன்னு ஆயிடுச்சே. அப்ப அது யாரு பேருங்க?"

அவன் வாயைத் திறந்தான். அவனுக்கும் "த" வரைக்கும்தான் வந்தது. அவள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவன் கையில் கொடுத்தாள். காலையிலிருந்து பட்டினி என்று அவளுக்குத் தெரியும். அவன் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வது, பசி.

தலைமையாசிரியர் ராமகிருஷ்ணன் வெளியே வந்தார். பிள்ளைகள் வரிசையில் மீசை வைத்த ஒருத்தன் தட்டோடு நிற்பதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரருங்க சார்."

"அப்படியா, சந்தோஷம். சாருக்குப் பேரு?"

பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள்.

"போங்க சார், புருஷன் பேரை யாராவது வாயால சொல்லுவாங்களா?"